புழு தின்கிற சத்தம்

காதுக்குள் விடாமல் சத்தம் கேட்கிற வியாதியைப் பற்றி யாராவது எழுதியிருப்பார்களா என்று, என் மகன் கொண்டுவரும் வாரப் பத்திரிகைகளில் ரொம்ப நாள் தேடினேன். நீரிழிவு, மாரடைப்பு, பிள்ளைகளுக்கு வரும் கக்குவான் எல்லாம் எழுதுகிறார்கள். இதைக் காணோம். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். நாலு பேர் முன்னால் வாய் திறக்கக் கூச்சப்படுகிறவள். ஆனாலும் என்னைப்போல இன்னொருத்தி எங்கேயாவது ஒரு வீட்டில் உட்கார்ந்து, தனக்குப் பைத்தியம்தான் பிடிக்கிறதோ என்று யாரிடமும் சொல்லாமல் பயந்துகொண்டிருப்பாள் அல்லவா? அவளுக்காக எழுதுகிறேன். தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் ஊர் ஓசூரைத் தாண்டிக் கன்னட எல்லையோரம், பேரிகைக்குப் பக்கம். இரண்டு ஏக்கர் மல்பெரித் தோட்டமும் பட்டுப்புழு வளர்க்க ஓர் அறையும் உண்டு. வீட்டுக்காரர் காலமாகிப் பல வருஷம் ஆகிறது. மகன் கிருஷ்ணப்பன் மத்திகிரி மாட்டுப் பண்ணையில் வேலை. அங்கே ஒரு சின்ன அறையில் வாடகைக்கு இருந்துகொண்டு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வருவான். புழு வேலை முழுவதும் நானும் மருமகள் நாகரத்னாவும்தான். அவள் ஆனேக்கல் பக்கத்துப் பெண், வீட்டில் கன்னடம் பேசி வளர்ந்தவள்.

பட்டுப்புழு வளர்க்கிறவர்களுக்குத் தெரியும், தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். புழு பிறந்து கூடு கட்டுவதற்குள் நாலு தடவை தோல் உரிக்கும். அதை நாங்கள் ஜுரம் என்போம். ஜுரம் வந்த புழு தழையைத் தொடாது. தலையைத் தூக்கி வைத்துக்கொண்டு ஒரு நாள் போல அசையாமல் கிடக்கும். அந்தச் சமயத்தில் அதன் மேல் தழை போடக்கூடாது. போட்டால் அடியில் ஈரம் கட்டி, புழுங்கி, எல்லாம் கெட்டுப்போகும். தழையை எப்போது நிறுத்துவது என்பதில்தான் ஒரு விளைச்சலே இருக்கிறது. மற்றவர்கள் அதைக் கண்ணால் பார்ப்பார்கள். நான் காதால் கேட்பேன்.

முப்பது தட்டுப் புழு சேர்ந்து தழை தின்றால், ஓட்டுக் கூரை மேல் தூறல் விழுகிற மாதிரி ஒரு சத்தம் வரும். ஜுரம் நெருங்க நெருங்க அந்தத் தூறல் மெலியும். தட்டு ஓரத்தில் காதை வைத்து, இன்னும் ஒரு தழை போடலாம், இதோடு நிறுத்து என்று சொல்லிவிடுவேன். ஊரில் நாலைந்து வீட்டுப் பெண்கள் தங்கள் புழுவுக்கும் என்னை அழைத்துப்போய்க் கேட்கச் சொல்வார்கள். கல்யாண வீட்டில் தூண் மறைவில் நிற்கிற என்னை அந்த ஒரு காரியத்துக்குத்தான் தேடி வருவார்கள். எனக்கென்று இருந்தது அது ஒன்றுதான்.

ஒரு மழைக்காலத்தில் எனக்குக் குளிர்காய்ச்சல் வந்தது. ஊர்க் கம்பவுண்டர் அதற்குக் கொயினா மருந்து கொடுத்தார். விட்டு விட்டு மூன்று வாரம் சாப்பிட்டேன். காது கும்மென்று அடைத்தது. “கொயினா சாப்பிட்டா அப்படித்தான் இருக்கும், நிறுத்தினா சரியாப் போயிடும்” என்றார். காய்ச்சல் விட்டது. புழு அப்போது கடைசிப் பருவத்தில் இருந்ததால் அறை முழுவதும் தின்கிற சத்தம். காதில் வேறு எதுவும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

புழு தின்பதை விட்டு, மஞ்சளாகப் பழுத்துச் சந்திரிகை ஏறியது. சந்திரிகை என்பது மூங்கிலைச் சுருள் சுருளாக வைத்துப் பின்னிய பெரிய தட்டி. அதில்தான் புழு கூடு கட்டும். மாலூர்ப் பக்கத்து வியாபாரி வந்து கூட்டையெல்லாம் எடுத்துப்போன மறுநாள், தட்டுகளைக் கழுவி வெயிலில் காயவைத்துவிட்டு, காலி அறையைப் பெருக்கிக்கொண்டிருந்தேன். புழு தின்கிற சத்தம் கேட்டது.

“நாகரத்னா, எங்கியோ புழு மிஞ்சிப் போச்சு, பாருடி” என்றேன்.

“எங்க அத்தே? தட்டெல்லாம் வெளியில காயுதே.”

இரண்டு பேரும் மூலைமுடுக்கெல்லாம் தேடினோம். எறும்பு ஏறாமல் தட்டு ஸ்டாண்டின் காலை வைக்கிற தண்ணீர்க் கிண்ணத்தைக்கூட நகர்த்திப் பார்த்தோம். காய்ந்த தழை இரண்டு கிடைத்தது. அப்புறம் நான் தண்ணீர் எடுக்கக் கிணற்றுக்குப் போனேன். அங்கேயும் தின்றது. தோட்டத்துக்குப் போனேன். அங்கேயும் தின்றது. அப்போதுதான் அது அறையில் இல்லை, என் காதில் என்று தெரிந்தது.

யாரிடமும் சொல்லவில்லை. என்னவென்று சொல்வது? காற்றுக் கருப்பு என்று வேப்பிலை அடிக்க ஆள் கூட்டி வருவார்கள், ஊரே கூடி நின்று பார்க்கும். அந்தக் கூட்டத்தை நினைத்தே வாயை மூடிக்கொண்டேன்.

அடுத்த புழு வைத்தோம். நாலாவது ஜுரம் வரவேண்டிய நாள். அறையில் ஜன்னலுக்குக் கோணி கட்டியிருப்பதால் வெளிச்சம் கம்மி. மத்தியானத் தழையைக் கூடையில் அள்ளிக்கொண்டு வந்த நாகரத்னா தட்டைப் பார்த்து நின்றாள்.

“அத்தே, தலையைத் தூக்கற மாதிரி இருக்குதே. நிறுத்திடலாங்களா?”

நான் காதை வைத்துக் கேட்டேன். தூறல் கொஞ்சமும் குறையவில்லை.

“தின்னுதுடி. உனக்குக் காது கேக்கலையா?”

அவளை நான் அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை. அவள் மறுபேச்சுப் பேசாமல் முப்பது தட்டுக்கும் தழை போட்டாள். சாயங்காலமும் போட்டாள். மறுநாள் காலையில் தழையை விலக்கினால் அடியில் வேர்த்துக் கிடந்தது. நாலைந்து நாளில் புழு கருத்து, இளகி, நாற்றம் எடுத்தது. குழி வெட்டிப் புதைத்தோம்.

ஞாயிற்றுக்கிழமை மகன் வந்து குழியைப் பார்த்தான்.

“ஏன்டி, இத்தினி வருசமா அம்மா பக்கத்துல நின்னு பாக்கற. ஜுரத்துல தழை போடக் கூடாதுன்னு தெரியாதா உனக்கு?”

“எங்கியோ கவனமா இருந்துட்டேங்க” என்றாள் நாகரத்னா.

“கவனம் எங்க இருந்துச்சு? ஆனேக்கல்லயா?”

நான் அடுப்படியில் உட்கார்ந்திருந்தேன். எழுந்து போய், அவள் இல்லை, நான்தான் என்று சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை. அவன் சாப்பிட்டான், திட்டினான், காலை பஸ்ஸுக்குப் போய்விட்டான். இந்த வியாதியில் நான் பட்ட கஷ்டங்களுக்கெல்லாம் மேலே அந்த ஒரு நாளைத்தான் வைப்பேன்.

அவன் போன பிறகு, பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவளிடம் போய் நின்றேன். “என் காதுல புழு தின்னுதுடி. ரெண்டு மாசமா நிக்கவேயில்ல” என்றேன். அவள் கையைத் துடைத்துக்கொண்டு என் காதில் தன் காதை வைத்துக் கேட்டாள். வெளியில் கேட்கும் என்று நினைத்தாளோ என்னவோ.

அப்புறம் கை வைத்தியம். பூண்டு வாடை புழுவுக்கு ஆகாது என்று இருபது வருஷமாக எங்கள் வீட்டில் பூண்டே தாளித்ததில்லை. புழு இல்லாத வீடுதானே என்று நல்லெண்ணெயில் பூண்டைக் காய்ச்சி இரண்டு காதிலும் விட்டாள். வீடெல்லாம் மணந்தது. சத்தம் அப்படியே இருந்தது. ஓசூரில் ஒரு டாக்டர் பித்தளைப் பீச்சாங்குழலால் வெதுவெதுப்பான தண்ணீரை அடித்துக் காதைக் கழுவினார். நிறைய அழுக்கு வந்தது. அழுக்குப் போனபின் உள்ளே இருந்த சத்தம் இன்னும் பளிச்சென்று கேட்டது. அவர்தான் பெங்களூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார்.

மகன் ஒரு நாள் லீவு போட்டுவிட்டு வந்தான். காது, மூக்கு, தொண்டை பார்க்கிற இடத்தில் நீளமான பெஞ்சு. எனக்கு முன்னால் நாற்பது பேராவது இருப்பார்கள். காதில் பஞ்சு வைத்தவர்கள், தாடையைக் கட்டிக்கொண்டவர்கள், மூக்கில் மொச்சைக்கொட்டையைப் போட்டுக்கொண்ட ஒரு குழந்தை. பெஞ்சில் எனக்கு இந்தப் பக்கம் மகன், அந்தப் பக்கம் மருமகள். பகல் பன்னிரண்டு மணி ஆயிற்று. இப்போது சொல்லாவிட்டால் எப்போதும் சொல்ல மாட்டேன் என்று தோன்றியது. அவன் முகத்தைப் பார்க்காமல் சொன்னேன்.

“அன்னிக்குத் தழை போடச் சொன்னது நாந்தாம்பா. அவ வேணாம்னுதான் சொன்னா.”

அவன் எழுந்து வெளியே போனான். கோபித்துக்கொண்டு போய்விட்டான் என்று நினைத்தேன். இரண்டு கையிலும் டீக் கிளாஸோடு வந்தான். ஒன்றை எனக்குக் கொடுத்துவிட்டு மற்றதை அவளிடம் நீட்டினான். கல்யாணம் ஆனதிலிருந்து அவன் அவளுக்கு டீ வாங்கிக் கொடுத்து நான் பார்த்ததில்லை. “சூடு, பாத்துக் குடி” என்று வேறு சொன்னான்.

டாக்டர் நெற்றியில் வட்டக் கண்ணாடி கட்டியிருந்தார். நடுவில் ஓர் ஓட்டை. அதன் வழியாக என் காதைப் பார்த்துவிட்டு, படுக்கை கொடுத்துப் பத்து நாள் வைத்துப் பார்க்கலாம் என்றார். மகன் வேலைக்குத் திரும்பினான். நாகரத்னா என் கட்டிலுக்கு அடியில் பாய் விரித்துக்கொண்டாள்.

அந்த டாக்டர் பேசியது கன்னடம். எல்லையில் இத்தனை வருஷம் குடியிருக்கிறவளுக்குக் கன்னடம் புரியாமல் இல்லை. பேசத்தான் கூச்சம். அதனால் அவர் கேட்பதை நாகரத்னா எனக்குச் சொல்வாள், நான் அவளுக்குச் சொல்வேன், அவள் அவருக்குச் சொல்வாள். எனக்குப் புரியும் என்று அவளுக்கும் தெரியும்.

பரிசோதனைகளைச் சொல்கிறேன், போகிறவர்கள் பயப்படாமல் இருக்க உதவும். தலையைக் குளிர்ந்த பலகை மேல் பக்கவாட்டில் அழுத்திப் படம் எடுப்பார்கள். வலிக்காது, மூச்சு மட்டும் பிடிக்க வேண்டும். காதுக்குள் ஐஸ் தண்ணீர் விடுவார்கள். அப்போது கட்டில், டாக்டர், மேலே உள்ள மின்விசிறி எல்லாம் சுற்றும். எனக்கு வாந்தி வந்து டாக்டர் செருப்பு மேலேயே எடுத்துவிட்டேன். அவமானத்தில் இரண்டு நாள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

இன்னொன்று, இரண்டு கால் உள்ள இரும்புக் கவை. அதை முழங்கையில் தட்டிக் காது அருகில் பிடித்தால் ரீங்காரம் போடும்.

“சத்தம் நின்னதும் விரலைத் தூக்கணுமாம் அத்தே” என்றாள் நாகரத்னா.

நான் காத்திருந்தேன். டாக்டரும் காத்திருந்தார். கவையை எடுத்து மறுபடி தட்டி வைத்தார். மறுபடி காத்திருந்தோம். என் விரல் மடியிலேயே இருந்தது.

“அம்மாவுக்குச் சொன்னது புரியலையா?” என்று அவளைக் கேட்டார்.

“புரிஞ்சதா அத்தே? நின்னதும் தூக்கணும்.”

“நின்னாத்தானேடி தூக்கறதுக்கு” என்றேன்.

அவள் அதை அப்படியே சொன்னாள். பக்கத்தில் நின்ற சின்ன டாக்டர் சிரித்துவிட்டார். பெரிய டாக்டர் சிரிக்கவில்லை. கவையை மேஜை மேல் வைத்துவிட்டு, நாற்காலியை இழுத்து என் எதிரில் உட்கார்ந்து, புழு வளர்ப்பதைப் பற்றி, காய்ச்சலைப் பற்றி, எத்தனை நாள் கொயினா சாப்பிட்டேன் என்பதைப் பற்றி முதலிலிருந்து கேட்டார்.

தினமும் ஓர் ஊசி. மருந்தை வெளியில்தான் வாங்க வேண்டியிருந்தது. மகன் அதற்காகச் சைக்கிளை விற்றான் என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது. பண்ணைக்கு நடந்து போகிறான்.

பக்கத்துக் கட்டிலில் கனகபுரா பக்கத்துக் கிழவி ஒருத்தி. இரண்டு காதும் சுத்தமாகக் கேட்காது. யார் பேசினாலும் சிரிப்பாள். என் வியாதி என்ன என்று நாகரத்னா சைகையால் அவளுக்கு விளக்க அரைமணி நேரம் ஆயிற்று. புரிந்ததும் வார்டே திரும்பிப் பார்க்கிற மாதிரிக் கத்தினாள்: “எனக்கு இருக்கறது கேக்கல, உனக்கு இல்லாததும் கேக்குது. நம்ம ரெண்டு பேரையும் பெசஞ்சு ஒருத்தியாப் பண்ணியிருந்தா சாமிக்கு வேலை மிச்சமாயிருக்கும்!” நர்ஸம்மா உட்பட எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சத்தம் வந்த பிறகு அன்றைக்குத்தான் சிரித்தேன்.

ஆனால் விளக்கை அணைத்தபின் சிரிப்பு வராது. பகலில் பாத்திரம், செருப்பு, இருமல் என்று ஏதாவது ஓடும். எல்லாரும் தூங்கிய பிறகு நானும் அதுவும்தான். தலையணைக்குள் காதைப் புதைத்தால் இன்னும் கிட்டே வரும். தூக்க மாத்திரை கொடுத்தார்கள். தூக்கத்துக்குள்ளேயும் தின்றது. கட்டிலிலிருந்து கையைக் கீழே தொங்கவிட்டால் நாகரத்னா பிடித்துக்கொள்வாள்.

பத்தாம் நாள் டாக்டர் கடைசியாகச் சொன்னார். காதுக்குள்ளே நத்தை ஓடு மாதிரி ஓர் எலும்பு இருக்கிறதாம். அதற்குள் மயிரிழையைவிட மெல்லிய நரம்புகள். வெளியில் கேட்கிற சத்தத்தை மூளைக்குச் சொல்வது அவைதான். கொயினாவால் இருக்கலாம், வயதாலும் இருக்கலாம், அதில் சில கெட்டுவிட்டன. கெட்டவை, சத்தம் இல்லாதபோதும் சத்தம் சத்தம் என்று சொல்லிக்கொண்டிருக்கின்றன. பைத்தியம் இல்லை, பேயும் இல்லை. உயிருக்கு ஒன்றும் ஆகாது. தூங்கும்போது பக்கத்தில் கடிகாரமோ சொட்டுகிற தண்ணீரோ இருந்தால் கொஞ்சம் மறக்கும் என்றார்.

“எப்ப நிக்குங்க?” என்று நாகரத்னா கேட்டாள்.

“நிற்கும் என்று நான் சொல்ல மாட்டேன் அம்மா. கொயினா சத்தம் போகிறதாயிருந்தால் இதற்குள் போயிருக்கும். நிறுத்துவதற்கு மருந்து இல்லை.”

அவள் என் பக்கம் திரும்பினாள். கொஞ்ச நேரம் என் புடவைத் தலைப்பைச் சரிசெய்தாள்.

“கொஞ்சம் கொஞ்சமாக் கொறைஞ்சிடுமாம் அத்தே.”

“சரி” என்றேன்.

வீட்டுக்கு வந்தோம். ஆஸ்பத்திரி வாடை அடுத்து வைக்கப்போகிற புழுவுக்கு ஆகாது என்று மூன்று நாள் தலைக்குக் குளித்த பிறகுதான் புழு அறை வாசலை மிதித்தேன். மகன் டிக் டிக் என்று சத்தமாக ஓடுகிற ஒரு கடிகாரம் கொண்டுவந்து என் தலைமாட்டில் வைத்தான். நாகரத்னா பானையில் சின்னதாக ஓட்டை போட்டு, அடியில் தகரம் வைத்து, சொட்டுகிற மாதிரி கட்டித் தொங்கவிட்டாள். முதல் வாரம் உதவியது. பிறகு கடிகாரம் ஒரு பக்கம், பானை ஒரு பக்கம், புழு ஒரு பக்கம் என்று மூன்றும் கேட்க ஆரம்பித்தன. பானையை அவிழ்க்கச் சொல்லிவிட்டேன்.

பழைய மாதிரி அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்தார்கள். “ஒரு எட்டு வந்து எங்க புழுவைக் கேட்டுச் சொல்லுக்கா” என்றார்கள். தலைவலி என்றேன். இடுப்பு வலி என்றேன். நாலு தடவை கூப்பிட்டவர்கள் ஐந்தாம் தடவை வரவில்லை. இப்போது நாகரத்னாவைக் கூப்பிடுகிறார்கள். அவள் அரிக்கேன் விளக்கைப் பிடித்துக் கண்ணால் பார்த்துச் சொல்கிறாள். நன்றாகத்தான் சொல்கிறாள். என்னையும் பார்க்கக் கற்றுக்கொள்ளச் சொல்கிறாள். பார்க்கிறேன். இந்த வயதில் கண்ணும் பாதிதான்.

இது பழகிவிடும் என்று சொல்கிறவர்கள் உண்டு. பழகவில்லை. சண்டை போடுவதை விட்டுவிட்டேன், அவ்வளவுதான். சில நாள் காலையில் கண் விழித்ததும் ஒரு நிமிஷம் மறந்திருக்கும். பிறகு அது தன் வேலையைத் தொடங்கும். அன்றைக்கு அடுப்படியில் உட்கார்ந்து கொஞ்சம் அழுவேன். அழுதால் மூக்கடைத்து இன்னும் அதிகம் கேட்கும் என்பதால் அழுகையையும் சுருக்கமாக வைத்துக்கொள்கிறேன்.

ஒன்று மட்டும் கண்டுபிடித்தேன். நாலாம் ஜுரம் விட்டபின் ஏழெட்டு நாள் புழு வெறியோடு தின்னும். எவ்வளவு தழை போட்டாலும் காம்புதான் மிஞ்சும். அந்த நாட்களில் நான் புழு அறையிலேயே பாயைப் போட்டுக்கொள்கிறேன். வெளியே உள்ள தூறலும் உள்ளே உள்ள தூறலும் ஒன்றாகிவிடுகின்றன. எது புழு, எது நான் என்று பிரிக்க முடியாது. அந்த ஏழெட்டு நாள் எனக்கு வியாதி இல்லை. குழந்தை மாதிரித் தூங்குகிறேன்.

அதன் பின் புழு பழுத்துவிடும். தின்பதை நிறுத்திச் சந்திரிகை ஏறும். வீடு அடங்கும். எனக்கு மட்டும் அடங்காது. அந்த நாளை நினைத்தால் இப்போதெல்லாம் காய்ச்சல் வருவதற்கு முன்னால் உடம்பு குறுகுறுக்குமே, அப்படி இருக்கிறது.

போன தடவை புழு வைத்தபோது ஒரு மத்தியானம் பாயில் ஒருக்களித்துப் படுத்திருந்தேன். நாகரத்னா அறைக்குள் நடமாடிக்கொண்டிருந்தாள். எப்போதும் தட்டை இழுக்கும்போது ஸ்டாண்டில் இடித்துத் தடதடவென்று சத்தம் பண்ணுகிறவள், அன்றைக்குத் தொட்டில் பக்கத்தில் நடக்கிற மாதிரி நடந்தாள்.

“தின்னுதாடி இன்னும்?” என்று கேட்டேன்.

“தின்னுதுங்க அத்தே. நீங்க படுங்க.”

என் கண்ணுக்கு நேராக அடித்தட்டு இருந்தது. காலையில் போட்ட தழை போட்டபடியே கிடந்தது, ஒரு கடி இல்லை. அதன் மேல் மஞ்சளாகப் பழுத்த புழுக்கள் தலையைத் தூக்கி இப்படியும் அப்படியும் ஆட்டிக்கொண்டு இடம் தேடிக்கொண்டிருந்தன. அவள் ஒவ்வொன்றாகப் பொறுக்கி, சத்தம் வராமல், சந்திரிகையில் விட்டுக்கொண்டிருந்தாள்.

“அப்படியா” என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தேன். கேட்டுக்கொண்டுதான் இருந்தது.